முதல் உடுப்பு உங்களுக்கே: மயிலாடி வட்டாரத் தையல் வகுப்புப் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்



மயிலாடியிலும் மருங்கூரிலும் அஞ்சுகிராமத்திலும் தையல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு இந்த மடல். சேரலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அம்மாவின் பழைய மெஷினைத் தூசி தட்டி நடுக்கூடத்தில் போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

தையல் வகுப்பு எந்த ஊரில் தொடங்கினாலும் முதல் நாள் பேசப்படுவது வருமானம். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், பிள்ளைகளின் பீஸ் கட்டலாம், யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பார்கள். அத்தனையும் உண்மை. இந்த மாவட்டத்தில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு குடும்பத்தையே தூக்கி நிறுத்திய பெண்கள் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆனால் வருமானத்தை மட்டும் முன்னால் வைப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. நேராக ஒரு தையல் ஓட்டத் தெரிவதற்கு முன்பே, கற்பவள் அடுத்தவர் உடம்புக்கும் அடுத்தவர் துணிக்கும் பயப்படத் தொடங்கிவிடுகிறாள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பட்டுத்துணியில் கத்தரிக்கோலை வைக்கக் கை நடுங்குகிறது. ஒரு ஜாக்கெட் கெட்டுப்போனால் போதும், மெஷின் மீண்டும் மூலைக்குப் போய்விடும்.

ஆகவே இந்த மடல் கேட்பது ஒன்றைத்தான். முதலில் உங்களுக்கு நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். முதல் உள்பாவாடை, முதல் நைட்டி, முதல் ஜாக்கெட், முதல் சுடிதார் எல்லாம் உங்கள் உடம்புக்கே இருக்கட்டும். கழுத்து இறங்கிப்போனாலும் வீட்டில் போட்டுக்கொள்ளலாம். கையைத் தூக்கினால் கக்கத்தில் பிடிக்கிறது, குனிந்தால் முதுகில் இழுக்கிறது என்பதெல்லாம் போட்டுப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். தைத்தவளும் போட்டவளும் ஒருத்தியாக இருக்கும்போது கற்றுக்கொள்வது போல வேகமாக வேறெப்படியும் கற்க முடியாது. அளவெடுக்க யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவும் வேண்டாம்.

இதை வேறு ஊர்ப் பெண்களுக்கும் எழுதலாம். மயிலாடிக்கு எழுதக் காரணம் இருக்கிறது.

1806இல் வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குள் வந்தார். அவரை வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம். தென் திருவிதாங்கூரின் முதல் சீர்திருத்தச் சபை ஆலயம் 1809இல் மயிலாடியில்தான் எழுந்தது. ரிங்கல்தௌபே 1816இல் ஊரைவிட்டுப் போனார். 1818இல் சார்லஸ் மீட் வந்து இங்கேயே பணி தொடங்கி, சில காலத்திலேயே நாகர்கோவிலுக்கு இடம் மாறினார். பள்ளிக்கூடத்துக்கும் அச்சுக்கூடத்துக்கும் மீட் பெயரைச் சொல்வார்கள். அந்த மிஷன் வீடுகளில் பெண்கள் கையில் ஊசியும் நூலும் ஏறியதைச் சொல்பவர்கள் குறைவு.

அன்றைக்குத் திருவிதாங்கூரில் யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. நாடார் பெண்களும், அவர்களைவிடக் கீழாக வைக்கப்பட்ட சாதிகளின் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது நடைமுறை. தோளில் சீலை போடுவது மேல்சாதிப் பெண்களின் உரிமை. அப்போது திவானாகவும் பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு வந்த பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். மேல்சாதியினர் எதிர்த்தபின் அது இப்படிச் சுருங்கியது: சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் போடுகிற குப்பாயம் போலத் தைத்த சட்டை போடலாம், நாயர் பெண்களைப் போலத் தோளில் சீலை போடக் கூடாது.

தைத்த துணிக்கு அனுமதி, தைக்காத துணிக்குத் தடை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு நீளத் துணியைத் தோளில் எடுத்துப் போட எந்தப் பயிற்சியும் தேவையில்லை, அதைத்தான் தடுத்தார்கள். அனுமதித்ததோ வெட்டி, மூட்டி, கை ஏற்றி, கழுத்து மடித்துத் தைத்தால் மட்டுமே கிடைக்கிற ஒன்று. அப்படியானால் அதை யார் தைப்பது? மிஷனரிகளின் மனைவிமார் குட்டைக் கையோடு, தொளதொளவென்று ஒரு மேற்சட்டையை வடிவமைத்தார்கள். மிஷன் பள்ளியில் படித்த சிறுமிகளுக்கு எழுத்தோடு தையலும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. அந்தச் சிறுமிகளில் யாருடைய பெயரும் இன்று நமக்குத் தெரியாது. வாழ்நாளில் தைத்த உடுப்பே போட்டறியாதவர்கள் தங்கள் முதல் உடுப்பைத் தாங்களே தைத்தார்கள். தொடக்கநிலைத் தையல்காரி என்று யாரையாவது சொல்வதானால் அவர்களைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சட்டை போட்டவர்கள் அதோடு நிற்கவில்லை. சட்டைக்கு மேலே தோள்சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்கும் ஆலயத்துக்கும் போனார்கள். 1822இல் கல்குளம் பக்கத்தில் அடிதடி தொடங்கியது. பெண்களின் மேலாடைகளை நடுத்தெருவில் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வந்த அரசாணை, சட்டை மட்டும் போதும், தோள்சீலை கூடாது என்று மறுபடியும் சொன்னது. 1858 கடைசியில் கலவரம் மீண்டும் வெடித்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கியபின், 1859 ஜூலை 26இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பு நாடார் பெண்கள் எல்லோருமே, எந்த மதத்தவரானாலும், சட்டை போடலாம் என்றது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போலப் போடக் கூடாது என்ற வாசகத்தை அரண்மனை விடவில்லை. அது நடைமுறையிலிருந்து கழிய மேலும் நீண்ட காலம் பிடித்தது.

மயிலாடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சாமிதோப்பில் அய்யா வைகுண்டர், முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுங்கள், தலையில் தலைப்பாகை வையுங்கள் என்று ஆண்களுக்குச் சொன்னதும் இதே காலத்தில்தான். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றில் ஆணைகளும் கலவரங்களும் அறிக்கைகளும் இருக்கும். எண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து கைத்தையலில் அந்தச் சட்டைகளைத் தைத்த இரவுகள் எதிலும் இல்லை. அப்போது மெஷின் கிடையாது. ஒரு சட்டைக்கு எத்தனை ஓட்டுத் தையல், எத்தனை கெட்டித் தையல் என்று, எம்மிங் செய்து பழகிய கைக்குத்தான் புரியும்.

நாகர்கோவிலில் அந்தக் கைவேலை வேறொரு வழியிலும் வளர்ந்தது. மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1821 வாக்கில் பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் மாதிரிக் காகிதத்தைக் குத்தி, குண்டூசிகளை நட்டு, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. நாகர்கோவில் லேஸ் கப்பலேறியது. அந்தப் பள்ளியில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசைக் கொடுத்து அவர்களில் சிலர் தங்களை மீட்டுக்கொண்டதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே தன் விரல்களால் தன் விலையைக் கட்டி வெளியே வந்த சிறுமிகள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு எங்கே நிற்கிறோம்? தைத்த துணி போட யாரும் தடைபோடவில்லை. நாகர்கோவில் ஜவுளிக்கடைகளில் மாடிக்கு மாடி ரெடிமேட் தொங்குகிறது. ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட்டை ஒரு கேரிபேக்கில் போட்டுத் தையல் கடையில் கொடுத்தால், தீபாவளிக்கு முந்தின நாளோ கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளோ கைக்கு வரும். அந்த அளவு ஜாக்கெட்டே யாரோ ஒருவர் எப்போதோ ஓரளவு சரியாகத் தைத்தது. அதற்குப் பிறகு உடம்பு மாறியிருக்கும், தோள் இறங்கியிருக்கும், பிரசவம் ஆகியிருக்கும். ஆனாலும் பழைய அளவையே பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறோம். தன் முதுகின் அகலம் எத்தனை இஞ்ச் என்று தெரிந்த பெண் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களும் வகுப்புகளில் சேர்கிறார்கள். அவர்களுடைய வேகத்தைப் பார்த்துப் புதியவர்கள் மலைப்பதுண்டு. மலைக்க வேண்டியதில்லை. கம்பெனியில் ஒருத்தி காலர் மட்டும் வைப்பாள், ஒருத்தி கை மட்டும் ஏற்றுவாள், ஒருத்தி கீழ்மடிப்பு மட்டும் ஓட்டுவாள். ஆண்டுக்கணக்கில் மெஷினில் உட்கார்ந்தும் ஒரு முழு உடுப்பை வெட்டி முடித்த அனுபவம் பலருக்குக் கிடைப்பதில்லை. தனக்கென ஒரு சுடிதாரைத் தொடக்கம் முதல் கடைசி வரை தைக்கும்போது, வேகமுள்ள அந்தக் கைகளும் புதியவர்களோடு ஒரே வரிசையில்தான் உட்காருகின்றன.

மெஷினைப் பற்றிக் கொஞ்சம். 1830இல் பிரான்சில் பார்த்தெலமி திமோனியே என்ற தையல்காரர் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, ராணுவ உடுப்பு தைக்கத் தொழிற்கூடம் வைத்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் மறு ஆண்டே புகுந்து அத்தனையையும் நொறுக்கினார்கள். 1846இல் அமெரிக்காவின் எலியாஸ் ஹோ, ஊசியின் காதை முனைக்கு அருகே கொண்டுவந்து, மேல்நூல் ஒன்று கீழ்நூல் ஒன்று என இரண்டையும் கோத்துக்கட்டும் தையலுக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் வந்தார். 1856இல் சிங்கர் கம்பெனி தவணை முறையில் விற்கத் தொடங்கியபின்தான் மெஷின் சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது. நம் வீடுகளில் இன்றும் ஓடுகிற கறுப்பு மெஷின்களின் உள்ளமைப்பு அந்த வம்சம்தான்.

இயந்திரங்களை அவ்வளவாக ஒத்துக்கொள்ளாத காந்தி, தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். 1924இல் டெல்லியில் அவரிடம் இயந்திரங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த இளைஞர் ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில் மனைவி சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர் இவர்தான். ஊசியோடு மல்லாடிய மனைவியின் சிரமத்தைக் குறைக்க வேண்டும் என்ற அன்பில் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். வரலாற்றாசிரியர்கள் சிங்கரை அப்படிப் பார்ப்பதில்லை. அவர் தேர்ந்த வியாபாரி. ஆனால் மனிதனின் கையை முடக்காமல் கைக்கு உதவுகிற இயந்திரம் எது என்ற கேள்விக்கு காந்தி தேர்ந்தெடுத்த உதாரணம் இன்றும் சரியாகத்தான் இருக்கிறது. கால் நின்றால் மெஷினும் நின்றுவிடும்.

சரி, மெஷின் முன்னால் உட்காருங்கள். முதல் வேலை தையலே அல்ல. பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறும் மிதியை மிதித்துப் பழகுங்கள். பிறகு பெல்ட்டை மாட்டி, நூலே கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுக்கு அடியில் வைத்து ஓட்டுங்கள். கோட்டின்மேலேயே ஊசி இறங்குகிறதா என்பது துளைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நேர்கோடு வந்தபின் வளைகோடு, அதன்பின் மூலை. மூலையில் ஊசியைத் தாளுக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, தாளைத் திருப்பி, மறுபடி ஃபுட்டை இறக்க வேண்டும். சக்கரம் எப்போதும் உங்களை நோக்கியே சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு சுற்றுச் சுற்றினாலும் நூல் அறுந்துவிடும், அல்லது சிக்கிக்கொள்ளும். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கியிருக்கும் என்பதால் துணிக்குப் போகும்போது புது ஊசி மாற்றுங்கள்.

புதிதாகத் தைப்பவர்களை அழவைக்கிற ஒரு காட்சி உண்டு. மேலே தையல் அழகாக இருக்கும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொசகொசவென்று கூடு கட்டியிருக்கும். அடியில் சிக்கல் என்பதால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில் இருக்கும். நூலை இழுத்துப் பிடிக்கும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே மேல்நூல் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முதலிலிருந்து மறுபடி கோர்த்தால் பத்தில் ஒன்பது தடவை சரியாகிவிடும். அதிலும் தீராவிட்டால் ஊசியைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் நுழைய வேண்டும். சாதாரணக் காட்டன் துணிக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போலக் கனத்த துணிக்கு 16.

முதலில் தைக்க வேண்டியது பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு மீண்டும் மஞ்சப்பை இயக்கத்தைத் தொடங்கியபின் பைக்கு ஒரு மரியாதையும் வந்திருக்கிறது. பழைய வேட்டித் துணி, திரைச்சீலைத் துணி எது கிடைத்தாலும் சரி. நேர்த்தையல், மூலை, இரட்டை மடிப்பு, கைப்பிடியை உறுதியாகப் பிடிக்க ஒரு கட்டமும் அதற்குள் குறுக்குக் கோடும் என்று நாலு பாடம் அதில் இருக்கிறது. அடுத்து தலையணை உறை. அதன்பின் உடம்புக்கு வாருங்கள்.

உடம்புக்கு முதல் உடுப்பாக உள்பாவாடையைச் சொல்ல வேண்டும். ஆறு கலி (மேலே குறுகிக் கீழே விரிகிற துண்டு), ஒரு நாடாப் பட்டி, கீழே மடிப்பு. இரண்டேகால் மீட்டர் பாப்ளின் போதும். வெளியே தெரியாத உடுப்பு என்பதால் தப்பு நேர்ந்தாலும் கவலையில்லை. ஆனால் தினமும் உடுத்துவதால் எந்தத் தையல் நிற்கிறது, எது பிரிகிறது என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முந்தின நாள் துணியைத் தண்ணீரில் முக்கிக் காயப்போடுங்கள். காட்டன் முதல் நனைப்பில் சுருங்கும். தைத்தபின் சுருங்கினால் உங்கள் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். துணியைக் கையில் எடுத்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. அகலவாக்கில் கொஞ்சம் விடும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாகவே நீளும். கழுத்துக்குப் பட்டி வைக்க மூலைவாக்கில் கிராஸ் பீஸ் வெட்டுவது அது வளைவுக்கு வளைந்து கொடுக்கும் என்பதால்தான். பாவாடைக் கலியின் ஓரம் சாய்வாக இருப்பதால் அது நீளப் பார்க்கும். ஒரு கலியின் நேர் ஓரத்தையும் பக்கத்துக் கலியின் சாய்வு ஓரத்தையும் சேர்த்து மூட்டினால் அந்த நீட்டம் அடங்கிவிடும்.

உள்பாவாடைக்குப் பிறகு நைட்டி. அதில் சுருக்கு வைப்பதும், யோக் மூட்டுவதும், கழுத்து மடிப்பதும் வரும். தொளதொளவென்று இருப்பதால் அளவில் அரை இஞ்ச் முன்னே பின்னே போனாலும் உடுப்பு மன்னித்துவிடும். சுடிதார் டாப் அதற்கப்புறம். ஜாக்கெட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு வருகிற எல்லோருக்கும் ஜாக்கெட் தைக்கத்தான் ஆசை. அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது.

ஏன் கடினம் என்பதை மயிலாடிக்காரர்களுக்குச் சொல்வது எளிது. ரோட்டோரச் சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். சிற்பி கல்லில் கைவைக்கும் முன் தாலக் கணக்குப் போடுகிறார். முகத்தின் நீளம் ஒரு தாலம், அதில் பன்னிரண்டு அங்குலம். நவதாலம் என்றால் மொத்த உயரம் ஒன்பது முகம். முகம் தெரிந்தால் கை எவ்வளவு, மார்பு எங்கே, முழங்கால் எங்கே எல்லாம் கணக்கில் வந்துவிடும். தையலிலும் அதேதான். மார்புச் சுற்றளவு 36 இஞ்ச் என்றால் நான்கில் ஒன்று 9. அதிலிருந்து கைக்குழி ஆழம், கழுத்து அகலம், டாட் வரும் இடம் எல்லாவற்றுக்கும் வகுப்பில் சூத்திரம் தருவார்கள். 1863இல் அமெரிக்காவின் எபெனேசர் பட்டரிக் வெவ்வேறு அளவுகளில் காகித மாதிரி விற்கத் தொடங்கியதும் இந்த விகிதக் கணக்கை நம்பித்தான். வெட்டிய துணியும் செதுக்கிய கல்லும் திரும்ப ஒட்டாது என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் சிலைக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சிலையின் உடம்பு கணக்குக்குக் கட்டுப்பட்டது. உங்கள் உடம்பு அப்படியில்லை. தண்ணீர்க் குடம் சுமந்த இடுப்பு ஒரு பக்கம் ஏறியிருக்கும். பை மாட்டிப் பழகிய தோள் மற்றதைவிட இறங்கியிருக்கும். 36 மார்புள்ள இரண்டு பேரில் ஒருத்திக்கு முதுகு அகலம், ஒருத்திக்கு முன்பக்கம் நிறைவு. சூத்திரம் கொடுப்பது யாருக்கும் சொந்தமில்லாத ஒரு உடம்பை. அதை உங்கள் உடம்பாக மாற்றுவதுதான் உண்மையான தையல். அதை மனப்பாடம் செய்து கற்க முடியாது. தைத்து, போட்டு, கண்ணாடி முன் நின்று, குண்டூசி குத்தி, பிரித்து, மறுபடி தைத்துத்தான் கற்க வேண்டும். அடுத்தவர் துணியில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. உங்கள் துணியில் எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிக்கலாம்.

ஜாக்கெட்டுக்குப் போகும் முன் ஒரு பழைய ஜாக்கெட்டைப் பிளேடால் பைய முழுதாகப் பிரியுங்கள். துண்டு துண்டாகத் தேய்த்துப் பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது கை. கையின் மேல்வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. முன்பக்கம் அதிகம் குடைந்திருக்கும், பின்பக்கம் குறைவு. கையை முன்னால் நீட்டித்தானே எல்லா வேலையும் செய்கிறோம், அதற்காக. இதைக் கவனிக்காமல் வெட்டினால் இரண்டும் வலதுகையாக அமைந்துவிடும். துணியை நல்லபக்கம் நல்லபக்கமாகச் சேர்த்து மடித்து இரண்டு கைகளையும் ஒன்றாக வெட்டுங்கள். முன்குடைவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வையுங்கள். உடம்பின் முன்துண்டிலும் ஒரு புள்ளி. கை ஏற்றும்போது புள்ளியும் புள்ளியும் சேர வேண்டும்.

பிரித்த ஜாக்கெட்டின் ஓரங்களில் இன்னொன்றும் தெரியும். பக்கவாட்டில் ஒன்றரை இஞ்ச், இரண்டு இஞ்ச் துணி உள்ளே மடங்கியிருக்கும். அதில் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக இரண்டு மூன்று தையல் ஓடியிருக்கும். உடம்பு பெருத்தால் உள்தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம், இளைத்தால் திரும்பப் பிடிக்கலாம். ஒரே ஜாக்கெட்டை ஒரு பெண்ணின் பல வருடங்களுக்குப் பொருந்த வைக்கிற ஏற்பாடு இது. துணியை மிச்சம் பிடித்து வெட்டும் ரெடிமேட் உடுப்பில் இந்த ஓரத்துணி அபூர்வம். உங்களுக்கு நீங்கள் தைக்கும்போது இதைத் தாராளமாக விடுங்கள். உடம்பு மாறுவது குற்றம் இல்லை. உடுப்பு அதற்கு வழிவிட வேண்டும்.

வருமானத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், பலருக்கு அது அவசரம். உங்களுக்கென்று நாலைந்து உடுப்பு தைத்து, அவற்றைப் போட்டுக்கொண்டு சந்தைக்கும் கோவிலுக்கும் ஆலயத்துக்கும் போனாலே கேட்பவர்கள் தாமாகக் கேட்பார்கள். அரசுத் தேர்வுத் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் தையலுக்கு லோயர் கிரேடும் ஹையர் கிரேடும் இருக்கின்றன; பள்ளியில் தையல் ஆசிரியையாக விரும்புகிறவர்களுக்கு அதுதான் வழியின் தொடக்கம். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் வறுமையில் இருப்பவர்களுக்கும் சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உண்டு. அதற்குத் தையல் தெரியும் என்ற சான்றிதழ் வேண்டும். வகுப்பில் வாங்கும் தாளைப் பத்திரமாக வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடையைத் தைப்பதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள்தான்.

ஆண்பிள்ளைகளுக்கும் இது வரட்டும். தமிழ்நாட்டில் தையல்கடை என்றால் நெடுங்காலம் ஆண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் ஒரு பட்டன் பிய்ந்தால் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள். பட்டன் வைக்கவும் கால்சட்டையின் கீழ்மடிப்பை இறக்கவும் பத்து வயதுப் பையனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

வகுப்பு நடத்துகிற ஆசிரியைகளிடமும் சுயஉதவிக் குழுத் தலைவிகளிடமும் ஒரு விண்ணப்பம். முதல் மாத முடிவில் ஒவ்வொருத்தியும் தனக்காகத் தைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று வையுங்கள். மாதிரித்துணியில் தைத்த குட்டி ஜாக்கெட்டும் நோட்டில் ஒட்டிய காகித வெட்டும் தேர்வுக்கு உதவும். உடம்பில் ஏறிய உடுப்புதான் கைக்கு நம்பிக்கை தரும்.

மயிலாடிப் பேரூராட்சிக்கும், இடம் இருக்கிற ஆலயங்களுக்கும் சமுதாயக்கூடங்களுக்கும் ஒரு கோரிக்கை. நம் சின்ன வீடுகளில் இல்லாதது மெஷின் அல்ல, துணியை விரித்துப் போட்டு வெட்ட ஒரு சமதளம். பெண்கள் தரையில் குத்துக்காலிட்டு, பிள்ளைகள் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு வெட்டுகிறார்கள். முதுகு வலிக்கிறது, துணி நகர்கிறது, அளவு தப்புகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரே ஒரு வெட்டுமேசை போட்டால் போதும். ஆறடி நீளம், நாலடி அகலம், நின்றபடி வெட்ட இடுப்பளவு உயரம். மேலே வழுவழுப்பான பலகை, ஓரத்தில் ஆணியடித்த ஒரு இஞ்ச் டேப், நல்ல வெளிச்சம், துணி வெட்ட மட்டும் என்று எழுதி ஒரு பெரிய கத்தரிக்கோல். தேய்ப்பதற்கு ஒரு பிளக் பாயின்ட் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் அந்த அறையைத் திறந்து வைத்தால், சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பெண்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.